நட்பும் மதமாற்றமும்: கரிசற் சீமைச் சரித்திரத்தில் ஒரு விசாரணை

நமது புதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அண்ணன் வழியினர் கோயிலுக்கும் தம்பி வழியினர் தேவாலயத்துக்கும் செல்லும் குடும்பங்கள் பல உண்டு. கலியாணப் பந்தலில் இரு வழியினரும் ஒரே பந்தியில் அமர்கின்றனர். ஆயினும், சீர் செய்வதிலோ மொய் எழுதுவதிலோ சிறிது மனத்தாங்கல் நேர்ந்துவிட்டாற் போதும், "கஞ்சிக்கு மாறினவர்கள்தாமே!" என்றொரு சொல் எங்கிருந்தோ புறப்பட்டு வந்துவிடுகிறது. பாதிரிமார் சிநேகிதர்போல் நடித்து, பசித்த வேளையில் சோறிட்டு, நம் முன்னோரை வளைத்துக்கொண்டனர் என்பதே அதன் உட்பொருள். இது எவ்வளவு மெய் என்று விசாரிப்பது நம் சங்கத்தாருக்குப் பயனுடையதாமென்று கருதி இதனை எழுதப் புகுந்தோம்.

சிநேகத்தின் நோக்கம் மதமாற்றமே என்பதைப் பாதிரிமார் ஒருபோதும் மறைத்ததில்லை. ஆதலால் அதனைக் கண்டுபிடித்துச் சொல்வதில் பெருமை யாதுமில்லை. மாறாதவனிடத்தும் அந்தச் சிநேகம் நின்றதா என்பதே நாம் கேட்கவேண்டுவது.

மதுரையிலிருந்து தொடங்குவோம். 1606-இல் தத்துவபோதகர் என்னும் இத்தாலிய தேசத்து ராபர்ட் தெ நொபிலி அங்கு வந்தபோது, பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் நடத்திக்கொண்டிருந்தார். பத்தாண்டுக்கு மேல் பிள்ளைகளுக்கு எழுத்தும் நோயாளிகளுக்கு மருந்தும் கொடுத்தும் அவ்வூர் இந்துக்களில் ஒருவரையும் அவரால் சேர்க்க முடியவில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு மார்க்கத்தை விட்டுவிடும் சாமர்த்தியம் நம்மவர்க்கு அன்றே இருந்ததென்க. நொபிலியோ காவி தரித்து, மாமிசம் விலக்கி, தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்று, வாதத்தினால் சிலரைத் தம் வசமாக்கினார். இது வேஷமென்று குற்றஞ்சாட்டியவர் நம்மவரல்லர். அந்தப் பெர்னாண்டஸ் பாதிரியாரே. வழக்கு ரோமாபுரி வரை சென்று, 1623-இல் போப்பரசர் நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அடுத்த நூற்றாண்டில் அதே சபையைச் சேர்ந்த வீரமாமுனிவர், நம் கோவிற்பட்டிக்கு அண்மையிலுள்ள காமநாயக்கன்பட்டியில் தங்கிப் பணிசெய்தார் என்பதை நம்மவர் பலரும் அறிவர்.

நிற்க. கரிசற் பூமியை நன்கு சோதித்தவர் இங்கிலீஷ் சபையைச் சேர்ந்த ராக்லண்டு பாதிரியார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கணிதத்தில் உயர்ந்த பட்டம் பெற்று, சென்னையில் தம் சங்கத்தின் காரியதரிசியாயிருந்த அவர், அவ்வுத்தியோகத்தை விட்டு, 1854-இல் பென், மெடோஸ் என்னும் இருவருடன் திருநெல்வேலி ஜில்லாவின் வடபாகத்துக்கு வந்தார். கட்டடம் எழுப்பவில்லை. கூடாரமே வீடு. ஓரூரில் சில நாள் தங்கி, காலையும் மாலையும் சுற்றுக் கிராமங்களில் பேசிவிட்டு, கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். தென்பாகத்துக் கிறிஸ்தவச் சபைகள் தங்கள் உபதேசிமாரை மாதத்துக்குச் சிலராக முறைவைத்து அனுப்பின. அவர்களும் நம் நாட்டவரே. நம் பேச்சையே பேசினர்.

மழை பெய்தால் முழங்கால் வரை புதையும் சேறு. கோடையில் கால் நுழையும் வெடிப்பு. கிணற்றிலோ பல ஊரில் உப்புத் தண்ணீர். இந்நிலத்தில் அவர்கள் அலைந்ததற்குக் கிடைத்த பலன் யாது? மிகச் சொற்பம். திண்ணையில் இடங்கொடுத்து, சொன்னதையெல்லாம் கேட்டு, தலையசைத்து, மறுநாள் பருத்திக் காட்டுக்கு வழக்கம்போல் போய்விட்டனர் நம் முன்னோர். ஆயினும் ராக்லண்டு திரும்பிப் போகவில்லை. 1858 அக்டோபர் 22-ந் தேதி, தமது நாற்பத்துமூன்றாம் வயதில், சிவகாசியில் காலமானார். அவர் மதத்தை ஒப்பாதவரும் இதனை வெறும் தூண்டில் என்று சொல்லத் துணியார்.

இது அந்நியர் நட்பு. நம்மவர்க்குள்ளேயே நிகழ்ந்த நட்பு வேறு. நம் சீமைக்குத் தெற்கே, பாளையங்கோட்டைப் பக்கத்துக் கரையிருப்பில் 1827-இல் வைணவ வேளாளர் குலத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளையின் சரித்திரம் அதற்குச் சான்று. இளமையில் கிறிஸ்து மார்க்கத்தை வெறுத்தவர் அவர். 1853-இல் சாயர்புரம் கிறிஸ்தவ வித்தியாசாலையில் தமிழாசிரியரானார். சம்பளம் வாங்கினாரேயன்றி மதம் மாறினாரில்லை. பின்னர் முன்னமே கிறிஸ்தவராயிருந்த தனக்கோடி ராஜு என்னும் நண்பரோடு பேசியும், அவர் தந்த நூல்களைப் படித்தும் உள்ளம் திரும்பி, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். இரட்சணிய யாத்திரிகம் இயற்றியவர் இவரே. ராஜு அவரிடம் நட்புக் கொண்டது மாற்றுவதற்கா, நண்பராயிருந்ததால் தமக்கு இனித்ததைக் கூறினாரா? இதனைப் பிரித்தறிய நம்மால் இயலாது. ராஜுவாலும் இயன்றிருக்குமோ என்பது ஐயமே.

நட்போடு லாபமும் கலந்த இடங்கள் இருந்தன என்பதை மறைப்பது நியாயமாகாது. பாளையங்கோட்டையிலிருந்த ரேனியஸ் பாதிரியார் 1830-இல் தர்மசங்கம் அமைத்து, துன்புறுத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்கள் குடியிருக்க நிலம் வாங்க வழிசெய்தார். ஊராரால் விரட்டப்பட்டவனுக்கு அது அடைக்கலம், விரட்டப்படாதவனுக்கோ ஆசை. எதிர்த் தரப்பும் கைகட்டி நிற்கவில்லை. 1840-களில் விபூதிச் சங்கத்தார் கிளம்பி, நீறு பூசி மீட்பதாகச் சொல்லிக் கிறிஸ்தவர் வீடுகளைத் தாக்கினர். நயத்தால் இழுத்ததைக் குறைகூறுவோர், பயத்தால் இழுத்ததையும் அதே தராசில் வைத்தல் வேண்டும்.

இனிக் கஞ்சிக்கு வருவோம். 1876-இல் மழை பொய்த்தது. 1877-இல் பஞ்சம் முற்றியது. ஆற்றுப்பாய்ச்சல் இல்லாத நம் கரிசலில் வானம் கைவிட்டால் கம்பும் இல்லை, சோளமும் இல்லை, பருத்தியும் இல்லை. இலண்டன் மேயர் திரட்டிய தருமநிதி சென்னை இராஜதானிக்கு வந்து, பல இடங்களில் பாதிரிமார் கையாலும் பங்கிடப்பட்டது. அக்காலத்தில் கால்டுவெல் ஐயரைச் சார்ந்த சங்கத்தில் மட்டும் இருபதினாயிரம் பேரளவில் உபதேசம் கேட்கச் சேர்ந்தனர். புதூருக்கு அடுத்த நாகலாபுரமும் அச்சங்கத்தின் நிலையங்களுள் ஒன்று. வந்தவரெல்லாம் ஆன்ம தாகத்தால் வந்தாரென்று கால்டுவெல் பாராட்டவில்லை. கலப்பான நோக்கத்தோடு வருவது இயல்பே, வந்தபின் நோக்கம் தூய்மைப்படும் என்பது அவர் கருத்து. அக்கருத்து எல்லாரிடத்தும் பலிக்கவில்லை. மழை பெய்து காடு பச்சைபிடித்ததும் ஒரு பகுதியினர் பழைய தெய்வத்திடமே திரும்பினர். மற்றோர் நிலைத்தனர். கஞ்சி நின்றபின்பும் நின்றவர்களைக் கஞ்சிக்கு நின்றவர்கள் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இன்னுமொன்று. அந்தத் தருமநிதி மதம் பார்த்துக் கொடுக்கப்பட்டதன்று. பசி பார்த்துக் கொடுக்கப்பட்டது. அதை வாங்கினவருள் மதம் மாறாதவரே மிகப் பலர். ஆகவே பந்தியில் அச்சொல்லைச் சொல்லும் அண்ணன் வழிப் பாட்டனாரும், அதைக் கேட்டு முகம் வாடும் தம்பி வழிப் பாட்டனாரும் அன்று ஒரே வரிசையில் கலயத்தோடு நின்றிருக்கக் கூடும்.