யாருடைய பயம்? 1847இன் பந்தி சொல்லும் கதை

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகிற சாலையில் இருக்கிறது தேவதானப்பட்டி. அந்தச் சாலையோரத்துச் சபைகளில் நாம் வளரும்போது அதிகம் கேட்ட பிரசங்கம் ஒன்றுதான்: பயத்தை விடு, அன்பைப் பிடி. நல்ல பிரசங்கம். ஆனால் யாருடைய பயம் என்று எந்தப் போதகரும் சொன்னதில்லை. வரலாற்றைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் 1834இல் மதுரையில் வேலையைத் தொடங்கினார்கள். பெரியகுளம், வத்தலக்குண்டு வட்டாரத்துச் சபைகள் பல அந்த மதுரை மிஷன் வழி வந்தவை. 1847இல் மிஷன் ஒரு முடிவெடுத்தது. சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. எந்தச் சாதியார் சமைத்தாலும் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உபதேசியார்களுக்கும் இதே நிபந்தனைதான்.

என்ன நடந்தது? உபதேசியார்கள் பலர் வேலையையே விட்டுப் போனார்கள். சபையார் பலர் விலக்கி வைக்கப்பட்டார்கள். சிலுவையைப் பற்றி நாள்தோறும் பிரசங்கித்தவர்களுக்கு ஒரு வாய்ச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. சொந்தக்காரர் ஒதுக்கிவிடுவார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற பயம். இது மதுரைக்கு மட்டும் உரியதல்ல. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைகளில் சாதியை உடனே விடச் சொன்னபோது தஞ்சையில் வேளாளக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். இன்றும் நாம் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்காக வாதாடியவர்தான். பாடும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

வேதாகமத்திலேயே இந்தப் பயம் இருக்கிறது. கலாத்தியர் நிருபம் 2ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எருசலேமிலிருந்து தன் இனத்தார் சிலர் வந்ததும் பயந்துபோய் எழுந்து விலகிக்கொள்கிறார். பவுல் எல்லோர் முன்னாலும் அவரைக் கண்டிக்கிறார். அப்போஸ்தலர் தடுமாறியதும் பந்தியில்தான்.

மிஷன்காரர்களை நாம் தலையில் தூக்கி வைக்கத் தேவையில்லை. 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியவர்களும் இவர்கள்தான். அந்நாளில் மலைக்கு ஏறும் வழி பெரியகுளம் பக்கம் இருந்தது. துரைமார் கூலிகளின் தோளில் ஏறித்தான் போனார்கள். சுமந்த அந்தத் தோள்களோடு மேலே போனபின் யார் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. இருந்தாலும் 1847இல் ஆள் குறையும் என்று தெரிந்தே அவர்கள் அந்த முடிவை எடுத்தார்கள். இன்றைய ஆயர்களிடம் நாம் காணாதது இது.

பந்திக்கு வர மறுத்தவர்களைப் பற்றியே பேசினால் போதாது. நம் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுத்தார்கள். பிடியரிசிக் காணிக்கை. அடுத்த வேளைக்கு உண்டா என்று தெரியாத வீட்டிலிருந்து போன அரிசி அது. சேரியில் சேர்ந்த அந்த அரிசி விலைபோய்ச் சபைக் கணக்கில் பணமாக ஏறியபோது யாரும் அதில் தீட்டுப் பார்க்கவில்லை. சமைத்தால்தான் தீட்டு.

இன்று வேறொரு பயம் இருக்கிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். சான்றிதழ் போய்விடுமே, கல்வி உதவித்தொகை போய்விடுமே என்று ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறோம் என்பதையே மறைக்கிற குடும்பங்கள் நம்மில் இருக்கின்றன. இவர்களைப் பார்த்து விசுவாசம் குறைவு என்று பிரசங்கிப்பவரை நாம் ஏற்க முடியாது. அன்று உபதேசியார் பயந்தது சாதிப் பெருமை போய்விடும் என்று. இந்த அம்மா பயப்படுவது மகளின் கல்லூரிப் படிப்பு நின்றுவிடும் என்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசு 2022இல் அமைத்த கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தின் முன்னும் இதே கேள்விதான் வைக்கப்பட்டது. தீர்மானத்தை வரவேற்று அறிக்கை விடுவது சபைத் தலைவர்களுக்குச் சுலபம். தங்கள் கல்லூரியில் எத்தனை தலித் ஆசிரியர்கள், தங்கள் கல்லறைத் தோட்டத்தில் எத்தனை சுவர்கள் என்று எண்ணிச் சொல்லட்டும். அந்தக் கணக்கோடு வந்து அவர்கள் நம்மோடு பந்தியில் உட்காரட்டும்.