ஒரு சொல்லுக்கு ஒரு சென்ட், அதுவும் கடன்

இருட்டான உலகம், நல்லவன்னு சொல்ல முடியாத ஹீரோ, ஜெயிச்சாலும் சந்தோஷப்பட முடியாத முடிவு. டார்க் ஃபேன்டஸின்னு சொன்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது வீடியோ கேமும் வெப் சீரிஸும்தான். ஆனா இந்த மாதிரி கதைகளுக்கு ஒரு பழைய முகவரி இருக்கு. சிகாகோ, வியர்ட் டேல்ஸ் பத்திரிகை அலுவலகம். அப்போ டார்க் ஃபேன்டஸிங்கிற பேரு புழக்கத்துல இல்ல, அது பல பத்தாண்டு கழிச்சு வந்தது. இன்னைக்கு நான் சொல்லப்போறது அந்தப் பத்திரிகையோட கணக்குப் புத்தகத்தைப் பத்தி.

1923 மார்ச்சில் முதல் இதழ் வந்தது. தாள் நம்ம ஊர் சாணித்தாள் ரகம், விலை 25 சென்ட். ஒரே வருஷத்துல கடன் கழுத்தை நெரிச்சது. அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போய், கடைசியில் அச்சகக்காரரே கம்பெனியில் பெரிய பங்குதாரர் ஆகிவிட்டார். 1924 கடைசியில் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் ஆசிரியர் ஆனார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும் மனிதர். தலைசிறந்த கதைகளைத் திருப்பி அனுப்பினார், பிறகு அதையே கேட்டு வாங்கிப் போட்டார். அவர் மேல எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் மரியாதை. அவர் இல்லன்னா இந்த வகைக் கதையே இவ்வளவு தூரம் வந்திருக்காது.

எழுத்தாளருக்குக் கூலி சொல்லுக்கு அரை சென்ட், பேர் வாங்கியவர்களுக்கு ஒரு சென்ட். இதுல ஒரு வார்த்தையைக் கவனிங்க: ‘வெளியானதும்’ பணம். கதையை ஏத்துக்கிட்டதும் இல்ல, அச்சானதும். 1930 கடைசியில் இண்டியானாபொலிஸில் இருந்த வங்கி முடங்கியபோது பத்திரிகையின் பணமும் அதில் மாட்டிக்கொண்டது. 1931-ல் சில மாதங்கள் இரண்டு மாசத்துக்கு ஒரு இதழ்தான் வந்தது. அதுக்கப்புறம் ‘வெளியானதும்’ங்கிறது ‘எப்பவாவது’ன்னு ஆயிடுச்சு.

இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஈ. ஹோவர்ட். டெக்சாஸில் கிராஸ் ப்ளெயின்ஸ் என்ற சின்ன ஊர். எண்ணெய் கிடைத்தபோது கூட்டம் கூட்டமாக வந்து, தீர்ந்தபோது காலியான ஊர். அப்பா டாக்டர். அம்மாவுக்குக் காசநோய், பல வருஷமா. வேற வேலை எதுவும் ஒட்டாமல் தட்டச்சுப் பொறியை மட்டுமே நம்பி வாழ்ந்தவர். எந்தப் பத்திரிகையிலும் விலை போகாமல் கிடந்த ‘கல்’ என்ற அரசனின் கதை ஒன்றை எடுத்து, ஆளை மாற்றி, மந்திரமும் பயமும் சேர்த்துத் திருப்பி எழுதினார். 1932 டிசம்பர் இதழில் வந்தது. அந்தப் புது ஆள்தான் கோனன். நமக்குத் தெரிஞ்சது அர்னால்டோட புஜம்தானே? கதையில் வர்ற கோனன் வேற. ‘பெரும் துயரமும் பெரும் களிப்பும்’ மாறி மாறி வர்ற ஆளு. நாகரிகம்ங்கிறது ஒரு மேல்பூச்சு, கீறினா காடுதான்னு நம்புறவன். எண்ணெய் ஊர் ஒண்ணு கண்ணு முன்னாடி வீங்கி வத்துறதைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த எண்ணம் வர்றதுல ஆச்சரியம் இல்லைன்னு எனக்குத் தோணும்.

1935 மே மாதம் ஹோவர்ட் ரைட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏற்கெனவே அச்சாகிவிட்ட கதைகளுக்கு மட்டும் 800 டாலருக்கு மேல் பாக்கி. அம்மாவின் சிகிச்சைச் செலவு ஏறிக்கொண்டே இருக்கிறது. காலம் எல்லோருக்கும்தான் கஷ்டம், எனக்கும் தெரியும் என்கிற தொனியில், மாசாமாசம் கொஞ்சமாவது அனுப்பக் கூடாதா என்று கேட்கிறார். கோனன் மாதிரி ஒருத்தனைப் படைச்ச ஆளு எழுதின கடிதம் இது. அவ்வளவு பணிவு. படிக்கவே சங்கடமா இருக்கும். அதுக்கப்புறம் அவர் மெதுவாக வேறு பத்திரிகைகளுக்கு, கௌபாய் நகைச்சுவைக் கதைகளுக்குத் திரும்பிவிட்டார். அங்கே பணம் ஒழுங்காக வந்தது.

இதே சமயம் இண்டியானாபொலிஸில் ஒரு வங்கியில் கேத்தரின் லூசில் மூர் என்ற பெண் செயலாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பொருளாதார மந்தத்தால் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். தட்டச்சுப் பழகும்போது ஏதேதோ வரிகளை அடித்துக்கொண்டே போக, அது ஒரு கதைக்குள் போய் நின்றதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அதுதான் ‘ஷாம்ப்ளோ’, 1933 நவம்பர். செவ்வாய் கிரகத்தில் ஒருவன் கும்பலிடமிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான். அவள் தலைப்பாகையை அவிழ்த்தால் அங்கே முடி இல்லை, அவ்வளவுதான் சொல்வேன், மீதியை நீங்களே படிங்க. அதைப் படித்துவிட்டு ரைட் அன்றைக்கு அலுவலகத்துக்கே விடுமுறை விட்டார் என்று அவருடைய நண்பர், எழுத்தாளர் ஹாஃப்மன் பிரைஸ் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பேரை ஏன் சி.எல். மூர்னு சுருக்கினார்? பெண் எழுதினா வாங்க மாட்டாங்கன்னுதான்னு பலரும் சொல்வாங்க. மூர் சொன்ன காரணம் வேற: பக்க வருமானம் இருக்குன்னு வங்கிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். மந்த காலத்துல வேலை போறது சின்ன விஷயமா? 1934 அக்டோபர் இதழில் வந்த அவருடைய ஜிரெல், வாளெடுத்த ஒரு கோட்டைத் தலைவி. தன்னைத் தோற்கடித்தவனைக் கொல்ல ஆயுதம் தேடி நரகம் மாதிரியான ஒரு உலகத்துக்குள் இறங்குகிறாள். கொண்டு வந்த ஆயுதத்தால் கொன்றும் விடுகிறாள். கொன்ற பிறகுதான் அவனைத் தான் நேசித்திருக்கிறோம் என்று தெரிகிறது. பழிவாங்கின திருப்தியே இல்லாத ஒரு பழிவாங்கல் கதை, 90 வருஷத்துக்கு முன்னாடி! அந்த இதழின் அட்டையை வரைந்ததும் ஒரு பெண்தான், மார்கரெட் பிரண்டேஜ். அவரும் ‘எம். பிரண்டேஜ்’ என்றே கையெழுத்துப் போட்டவர்.

ஹோவர்டும் வாளெடுத்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதி, அந்தக் கைப்பிரதியை மூருக்கு அனுப்பினார். மூர் துள்ளிக் குதிக்காத குறையாகப் பதில் போட்டார். ஆனால் ‘வாள் பெண்’ அவர் உயிரோடு இருந்தவரை எங்கும் அச்சாகவில்லை.

1936 ஜூனில் அம்மா இனி கண் விழிக்க மாட்டார் என்று தெரிந்த அன்றைக்கு, 11-ம் தேதி, ஹோவர்ட் தற்கொலை செய்துகொண்டார். வயசு 30. அம்மா மறுநாள் இறந்தார். பணம் வராததுதான் காரணம்னு சிலர் எழுதுறாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு மனுஷனோட முடிவை ஒரு கணக்குப் புத்தகத்துல அடக்க முடியாது. ஆனா பாக்கி அப்பவும் பாக்கியாவே இருந்தது.

ராட் ஐலண்டில் இருந்த லவ்கிராஃப்ட், ஹோவர்டோடு ஆறு வருஷமா நாகரிகமா காட்டுத்தனமா என்று கடிதத்திலேயே சண்டை போட்டவர். இரண்டு பேரும் ஒரு தடவைகூட நேரில் சந்தித்ததில்லை. அவருக்கு மரணச் செய்தியைச் சொன்னது மூரிடமிருந்து வந்த கடிதம். அந்தக் கோடையில்தான் ஹோவர்டின் கடைசி கோனன் கதை ‘ரெட் நெயில்ஸ்’ வியர்ட் டேல்ஸில் தொடராக ஓடியது. மூடிய நகரம் ஒன்றுக்குள் இரண்டு கூட்டம் ஒன்றையொன்று கொன்று, எண்ணிக்கைக்கு ஒரு கறுப்புத் தூணில் சிவப்பு ஆணி அடித்துக்கொண்டே இருக்கும் கதை. அக்டோபர் இதழில் முடிந்தது. ஹோவர்டைப் புதுசா படிக்கிறவங்க அதுலேர்ந்து தொடங்குங்க. மூருக்கு ‘ஷாம்ப்ளோ’. ராத்திரில வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ராத்திரிலதான் படிக்கணும்.