மூன்று புள்ளி

1874 செப்டம்பர் 26. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் கிரீட்மூர் என்ற சுடுமைதானம். அயர்லாந்தும் அமெரிக்காவும் மோதின. அணிக்கு ஆறு பேர், 800, 900, 1,000 கஜத்தில் ஆளுக்குப் பதினைந்து குண்டுகள். எல்லாமே ஒரு குண்டு போட்டால் ஒருமுறை மட்டும் சுடும் துப்பாக்கிகள். ஆனால் ஐரிஷ்காரர்களுடையது குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ரிக்பி. செய்த ஜான் ரிக்பியே அணியில் நின்று சுட்டார். அமெரிக்கர்கள் கொண்டுவந்ததோ பின்பக்கம் திறந்து தோட்டா போடும் ரெமிங்டனும் ஷார்ப்ஸும்.

பின்பக்கம் திறக்கிற துப்பாக்கி குறி தவறும் என்பதே அன்றைய பெரியவர்களின் தீர்ப்பு. காரணம் இல்லாமல் இல்லை. கரிமருந்து எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் கசடாக நிற்கும். வாய்வழிக் குண்டு உள்ளே இறங்கும்போதே அந்தக் கசடைத் துடைத்துக்கொண்டு போகும். பின்வழிக் குண்டுக்கு அந்த வசதி கிடையாது.

முடிவு 934க்கு 931. அமெரிக்கா வென்றது. பின்வழித் துப்பாக்கி ஜெயிச்சிடுச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. ஆனா கணக்கைப் பிரிச்சுப் பாருங்க. மில்னர் என்ற ஐரிஷ்காரர் ஒரு குண்டை நட்டநடுவில் அடித்தார், பக்கத்து இலக்கில். நான்கு புள்ளி போச்சு. அந்தப் பக்கம் ஜான் போடைனின் கை, ஜிஞ்சர் பீர் பாட்டில் வெடித்துக் கிழிந்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கடைசிக் குண்டை நடுவில் வைத்தார். இதில் துப்பாக்கியின் பங்கு எவ்வளவு? அமெரிக்க அணிக்குள்ளேயே ரெமிங்டன் பிடித்த மூவர் 478, ஷார்ப்ஸ் பிடித்த மூவர் 456. இந்த 22 புள்ளி வித்தியாசம், இரு நாடுகளுக்கு இடையே இருந்ததைவிட ஏழு மடங்கு. அதுவும் இரும்பினுடையதா, ஆளினுடையதா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அதே ஆண்டு ஜூனில், டெக்சஸின் அடோபி வால்ஸ். பைசன்கள் அழிவதைப் பொறுக்காமல் கமான்சே, செயன், கயோவா வீரர்கள் வேட்டைக்காரர்களின் முகாமைத் தாக்கினார்கள். பில்லி டிக்சன் இரவல் வாங்கிய ஷார்ப்ஸால் தூரத்துக் குன்றில் நின்ற ஒருவரை வீழ்த்தினார். 1,500 கஜத்துக்கு மேல் என்பார்கள். அது அதிர்ஷ்டம்தான் என்று டிக்சனே ஒப்புக்கொண்டார். கதை மட்டும் துப்பாக்கியின் பெயரில் ஓடுகிறது.

பைசன் வேட்டைக்கு அந்தத் துல்லியம் தேவைப்படவே இல்லை. போட்டித் துப்பாக்கி பத்து பவுண்டுக்குள் இருக்கணும். வேட்டைக்காரனுடையது பன்னிரண்டு, பதினாறு பவுண்டு வரை கனக்கும். குறுக்குக் குச்சியில் சாய்த்து, இருநூறு முந்நூறு கஜத்தில், கூட்டத்தை நடத்தும் பசுவின் நுரையீரலில் முதல் குண்டு. அது தள்ளாடும்; மற்றவை ஓடாமல் அதையே சுற்றி நிற்கும். அப்புறம் ஒவ்வொன்றாக. குழல் கொதித்தால் குறி விலகும். தண்ணீர் ஊற்றி ஆற்றுவார்கள்; தண்ணீர் இல்லாவிட்டால் சிறுநீர். இத்தனை பெரிய விலங்குக்குக் கை அகலம் விலகினாலும் போதும்.

1889இல் ஹார்னடே கணக்கெடுத்தபோது, கோடிக்கணக்கில் இருந்த பைசன்களில் மிஞ்சியவை 1,091.