ஒத்தக்கடையிலிருந்து ஒரு தடை

முன்பின் தெரியாதவர்களைப் போன் திரையில் சந்திக்க வைக்கும் வீடியோ செயலிகளின் இந்திய வரலாற்றில் மதுரைக்கும் ஓர் இடம் உண்டு. ஒத்தக்கடை பக்கம் இருக்கிற உயர்நீதிமன்றக் கிளைதான், 2019 ஏப்ரல் 3 அன்று டிக்டாக் தரவிறக்கத்தைத் தடை செய்யும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆபாசம் ஒரு புகார். முகம் தெரியாத ஆட்களிடம் குழந்தைகள் சிக்கிவிடுவார்களோ என்பது அதைவிடப் பெரிய கவலை, நியாயமான கவலையும்கூட.

கூகுளும் ஆப்பிளும் செயலியைத் தூக்கிவிட்டன. ஆனால் ஏற்கனவே போனில் வைத்திருந்தவர்களுக்கு? ஒன்றும் ஆகவில்லை, ஆட்டம் பாட்டம் வழக்கம்போல நடந்தது! ஏப்ரல் 24 அன்று அதே நீதிமன்றம் நிபந்தனையோடு தடையை விலக்கியது.

கல்வான் மோதலுக்குப் பின் 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கோடு, புதியவர்களுடன் நேரலையில் அரட்டையடிக்க உதவிய பிகோ லைவும் போனது. சொல்லப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பு. மதுரையில் எழுந்த கேள்வி அப்படியே நிற்கிறது.