ஏரி வாரியமும் இற்றை நீர்ப்பஞ்சமும்

முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்கே சான்றாகக் காட்டுதல் பெருவழக்கு. ஏரி வாரியத்திற்கு அறுவரைத் தேர்ந்தமையும் அவற்றுள் காணப்படும். வாரியக் காலம் 360 நாள். கணக்குக் காட்டாதோரும் அவர்தம் உறவினரும் வாரியத்திற்கு உரியரல்லர். அதற்கு முன்னரே, பல்லவர் காலத்தில், அவ்வூர் வயிரமேகத் தடாகத்தின் வண்டலை அகற்றப் பொன் முதலாக வைக்கப்பெற்றது; அதன் வட்டியே செலவிற்கு ஆயிற்று. எனவே, கரையும் நீரும் மட்டுமல்ல, பொறுப்புடையாரும் குறையா முதலும் கூடியதே ஏரி என்பது பெறப்படும்.

நிலமும் வேதக்கல்வியும் உடையார்க்கே அவ்வாரியம் உரித்தாயிருந்தது. அவ்வேற்றத்தாழ்வு நமக்கு வேண்டா. ஏற்பாடே வேண்டுவது. 2015இல் வெள்ளத்தையும் 2019இல் வறட்சியையும் சென்னை கண்டது. ஒருமுறை தூர்வாரிய ஏரியில் வண்டல் மீண்டும் படியும். அதனை அகற்றுவார் யார், செலவு எதனின்று என்பன வரையறுக்கப்படின் அன்றி நம் பணி நிலைபெறாது என்க.