சேறு தடுத்த பலகை

மோட்டார் வண்டியில் ஓட்டுநருக்கு எதிரே, வேகமானியும் பிற அளவிகளும் பதித்த பலகையை ‘டாஷ்போர்டு’ என்கிறோம். இப்பெயர் உண்மையில் குதிரை வண்டிக்கு உரியது. குதிரையின் குளம்புகள் வாரியிறைக்கும் சேறும் கல்லும் உள்ளே இருப்பவர் மேல் தெறிக்காதபடி, வண்டியின் முன்புறத்தில் மரத்தாலோ தோலாலோ ஒரு மறைப்பு நிறுத்துவார்கள். அந்த மறைப்புக்குத்தான் 19ஆம் நூற்றாண்டில் இப்பெயர் வழங்கிற்று. பின்னர்க் குதிரை போயிற்று. சேறு தடுக்கும் வேலையும் போயிற்று. பலகையும் பெயரும் தங்கிவிட்டன.

நம் நாட்டிலும் இம்மாற்றம் ஒரே கூரையின்கீழ் நிகழ்ந்ததுண்டு. சென்னையில் 1840இல் தொடங்கப்பெற்ற சிம்சன் நிறுவனம், முதலில் குதிரை வண்டிகளைக் கட்டிவந்த நிறுவனமே. அங்கேதான் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். அதற்கு முந்திய ஆண்டில் ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்சே, சுழலும் காந்தமொன்று உலோகக் கிண்ணத்தை இழுத்து முள்ளை நகர்த்தும் வேகமானிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். வெறும் மறைப்பாக இருந்த பலகைக்குக் கண்ணும் காதும் முளைத்தது இவ்வாறுதான்.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படிக்க நேர்ந்தது, விக்கிரமசிங்கபுரத்தில் என் பெரியப்பா விட்டுச் சென்ற ஒரு பழைய ஹெரால்டு வண்டியினால். 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து நீர்விசையை நம்பி நிறுவிய நூற்பாலையால் வளர்ந்த ஊர் இது. பெரியப்பாவும் அந்த ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஹெரால்டு, இங்கிலாந்தின் ட்ரயம்ப் நிறுவனம் 1959இல் வெளியிட்ட வண்டி. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் 1961 முதல் அதை 948 சிசி எஞ்சினுடன் இங்கேயே செய்தனர். 1968இல் நான்கு கதவுகள் வைத்து வெளியிட்டார்கள். அவ்வடிவம் இந்தியாவுக்கு மட்டுமே உரியது. ஹெரால்டு வண்டிகளில் மெல்லிய மரத்தோல் ஒட்டிய முகப்பு உடையவை உண்டு. பெரியப்பாவின் வண்டி அவ்வகையைச் சேர்ந்தது.

மலையடிவார ஊரில் மரத்தோலுக்கு இரட்டைத் துன்பம். இரு பருவ மழைகளின் ஈரம் பசையை இளக்கும். கோடை வெயில் மேற்பூச்சை வெடிக்கச் செய்யும். சில ஆண்டுகளுக்கு முன் பெரியப்பாவின் மகன் அதைச் சீர்செய்ய எண்ணியபோது, பலகையின் கீழோரம் தோல் எழும்பிச் சுருண்டிருந்தது; நடுப்பகுதி வைக்கோல் நிறமாக வெளுத்திருந்தது; இடப்புறப் பெட்டியின் மூடி இரண்டாகப் பிளந்திருந்தது. அண்ணனுக்கு அதைப் பழைய கார்க் கண்காட்சியில் நிறுத்தும் ஆசை. ஆலையிலிருந்து அன்று வந்ததுபோல் பளபளக்க வேண்டும் என்றார்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தச்சர் வந்தார். சொப்புச் சாமான்களுக்குக் கடைசலில் அரக்கு ஏற்றும் குடும்பத்தவர். முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கம்பிக்கும் எண் எழுதிய துண்டு கட்டி, அளவிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். உப்புத்தாளைத் தொடவே இல்லை. மரத்தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அழுத்தித் தேய்த்தால் அடிப்பலகை தெரிந்துவிடும். வெடித்த பூச்சை மழுங்கிய தகட்டால் மெல்லச் சுரண்டினார். எழும்பிய தோலுக்கடியில் வச்சிரம் செலுத்தி, தாள் விரித்து, இரவெல்லாம் பாரம் வைத்தார்.

நிறம் சேர்ப்பதில்தான் சிக்கல் வந்தது. பழைய நிறம் இன்னதென்று எப்படி அறிவது? வேகமானியின் வளையம் மறைத்திருந்த இடத்தில் வெயில் படாத மரம் அடர்ந்த பழுப்பாக இருந்தது. அதைப் போலவே பலகையின் நடுவில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, இன்னொரு பழுப்பு வட்டம் தெரிந்தது. வேளாங்கண்ணி மாதாவின் உருவம் பொறித்த தகடு நெடுங்காலம் ஒட்டியிருந்த இடம் அது. அத்தகட்டைப் பெரியம்மா பெயர்த்தெடுத்துப் பெரியப்பாவின் கையில் வைத்தே அடக்கம் செய்தார்கள்.

தச்சர் கேட்டார்: “அண்ணாச்சி, இந்த வட்டத்தோட நிறத்துக்கு மத்ததையும் ஏத்திட்டா வட்டமே தெரியாது. ஏத்தவா, விடவா?”

பழைய நிலைக்குக் கொண்டுவருதல் என்கிறோம். எந்தப் பழைய நிலை? ஆலைவாயிலில் அந்த வண்டி நின்றது ஒரு நாள்; பெரியப்பா அதை ஓட்டியது முப்பது ஆண்டுகளுக்கு மேல். பழைய கட்டடங்களைப் பேணுவது பற்றி 1964இல் வெனிசு நகரில் வகுத்த சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. அதை அடியொற்றி, பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பாகிய ஃபிவா 2012இல் டூரின் சாசனத்தை ஏற்றது. அது பேணுதல் வேறு, புதுப்பித்தல் வேறு என்று பிரித்துக் காட்டி, வண்டி தன் வாழ்நாளில் பெற்ற சுவடுகளுக்கும் மதிப்புத் தருகிறது. இது வெறும் ஏட்டுப் பேச்சன்று. இங்கிலாந்து வழிவந்த பழைய வண்டிகளின் வேகமானி மைல் கணக்கில் இருக்கும். நம் நாட்டில் மெட்ரிக் அளவைக்கு 1956இல் சட்டம் வந்து, 1962இல் அது கட்டாயமாயிற்று. வசதி கருதி மைல் முகத்தை எடுத்துவிட்டுக் கிலோமீட்டர் முகத்தைப் பொருத்துவோர், தாம் எதை அழிக்கிறோம் என்பதை அறிவதில்லை.

இத்தனையும் அண்ணனிடம் சொன்னேன். “உனக்கென்ன, நீ எழுதிட்டுப் போயிருவே. வெளுத்த பலகையோட நிறுத்தினா நாலு பேரு என்னைத்தான கேப்பான்?” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பெரியம்மா திண்ணையில் இருந்தார்கள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. எழுந்து வந்து, வட்டத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

பிளந்த மூடிக்கு மட்டும் புதுத்தோல் ஒட்டி நிறம் ஏற்றினோம். பலகையின் மற்றப் பகுதிக்கு நிறம் சேர்க்கவில்லை. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சுப்பொதியில் நனைத்து, தச்சர் மெல்லிய பூச்சாகப் பலமுறை தடவினார். அரக்கு மட்டும் வெயிலில் இளகும், ஈரம் பட்டால் வெண்மை பூக்கும் என்பதால், மேலே நிறமற்ற வார்னிஷ் ஒரு கை பூசினார்.

மூடி அடர்பழுப்பாகவும் பலகை வைக்கோல் நிறமாகவும் இருப்பது கண்ணுக்குச் சற்று ஒவ்வாமல்தான் இருக்கிறது. கண்காட்சிக்கு வண்டி இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறது. வட்டத்தின்மேல் வேறு தகடு ஒட்டலாமா என்று அண்ணன் ஒருமுறை கேட்டாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.