வெண்ணாவலும் நீரிழிவு மருந்தும்: திருவானைக்காத் தலமரம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவில் அமைந்த திருவானைக்காவின் தலமரம் வெண்ணாவல். சம்புகேசுவரம் என்னும் வடமொழிப் பெயரும் நாவலைக் குறிக்கும் 'சம்பு' என்ற சொல்லையே அடியாகக் கொண்டது. இம்மரம் நீரிழிவைத் தீர்க்கும் என்னும் கூற்று தலமரங்களைப் பற்றிய அண்மைக்கால எழுத்துகளில் மிகுதியாகக் காணப்படுகிறது. அக்கூற்றின் வயது என்ன என்பதே இக்கட்டுரையின் வினா.

நற்றிணை 35ஆம் பாடலில் நாவற்கனி நெய்தல் நிலக் கரையில் உதிர்ந்து கிடக்கிறது; தும்பியும் நண்டும் அதனை நாடுகின்றன. அங்கு அது உணவு மட்டுமே. ஞானசம்பந்தரின் ஆனைக்காப் பதிகத்தில் வெண்ணாவல் இறைவன் உறையும் இடம். சேக்கிழாரிடத்தில் அது சிலந்தியும் யானையும் வழிபட்ட பெருமான் வீற்றிருந்த மரம். முனிவர் விழுங்கிய நாவல் விதை அவர் தலையைப் பிளந்து மரமாயிற்று எனத் தலபுராணம் கூறும். விதை இங்கு முதன்மை பெறினும் அது அருளின் குறியீடே. பிணி தீர்க்கும் பொருளன்று. இக்கதையை மருத்துவச் சான்றாகக் காட்டுவோர் இரு வேறு மரபுகளை ஒன்றாக்கிவிடுகின்றனர்.

நாவல் விதை நீரிழிவு மருந்தாக உலகப் புகழ் பெற்றது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். இன்சுலின் 1922இல் பயன்பாட்டுக்கு வரும்வரை ஐரோப்பிய மருத்துவர்களிடம் பயனுள்ள மருந்து வேறில்லை. ஆதலால் இவ்விதையைச் சோதித்தனர். டைமாக், வார்டன், ஊப்பர் ஆகியோரின் 'பார்மகோகிராபியா இண்டிகா' (1890–93) இம்மரத்துக்கு இடமளித்துள்ளது.

பிற்கால முடிவுகள் ஒருமுகப்பட்டவை அல்ல. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் 1998இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு ஊட்டப்பட்ட எலிகளிடம் விதைச்சாறு சர்க்கரையைக் குறைத்தது. பிரேசிலில் நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2006இல் வெளியான ஒப்பீட்டாய்விலோ நாவல் இலைத் தேநீர் பயன் தரவில்லை. கிளிபுரைடு மாத்திரையே தந்தது. செருமானிய 'ஈ' ஆணையம் வயிற்றுப்போக்குக்கு நாவற்பட்டையை ஏற்று, விதைக்கு ஒப்புதல் மறுத்தது. பட்டை, இலை, விதை, கனி என உறுப்புதோறும் வேறுபடும் சான்றுகளை 'நாவல்' என்னும் ஒரே சொல்லுள் அடக்குவதே குழப்பத்தின் வேர். (வெண்கனி வகைக்கும் கருங்கனி வகைக்கும் உள்ள வேறுபாட்டையும் இவ்வெழுத்துகள் பெரும்பாலும் கருதுவதில்லை.)

கனி பன்னெடுங்காலமாக உண்ணப்பட்டு வருவது. அளவோடு உண்பதில் அச்சமில்லை. விதைத்தூளின் நிலை வேறு. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்வோர் மருத்துவர் அறியாமல் அதனையும் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை மிகத் தாழ இடமுண்டு. மாத்திரையையே விட்டுவிடின் நோய் முற்றும்.